பாலத்தைத் தாண்டிப் போன பாட்டு

போன மாதம் எங்கள் மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் மூலையில் ஒலிபெருக்கி வைத்திருந்த பையன்களிடம் யார் யாரோ வந்து பாட்டுக் கேட்டார்கள். பையன்கள் கைப்பேசியை இரண்டு தட்டுத் தட்டினார்கள், பாட்டு வந்தது. கேட்டவர் அதை முழுதாகக் கேட்பதற்குள் அடுத்தவர் வந்து வேறு பாட்டுக் கேட்டார். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஏம்பா, பொட்டியச் சுவரப் பார்த்து வைக்காதே" என்று தொணதொணத்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், என்ன செய்வது! "அங்கிள் அந்தக் காலத்து மைக் செட்டுக்காரர்" என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"உங்க காலத்துல யாராச்சும் பாட்டு கேட்டா எங்கேர்ந்து தேடி எடுப்பீங்க அங்கிள்?" என்றான் ஒருவன்.

"தேட மாட்டோம்லா. சிட்டக்காகிட்ட போய்க் கெஞ்சுவோம்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு அடுத்த பாட்டைத் தட்டப் போய்விட்டான். அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்து ஊரான தானா ராத்தாவில், ரேடியோ பழுதுபார்த்துத் திருவிழாவுக்கு மைக் செட்டும் கட்டும் ஒரு கடையில் சேர்ந்தேன். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை. எனக்கு அந்தத் தூளும் தும்மலும் ஆகாது. முதல் சில வருடங்களைச் சுருக்கமாகச் சொல்வதானால் விரலில் சூடு பட்டேன், மரத்தில் ஏறி ஹாரன் என்கிற கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டினேன், நன்றாகத் திட்டு வாங்கினேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

திட்டியவர் எங்கள் முதலாளி அருணாசலம். திட்டினார் என்றால் சத்தம் போட்டார் என்று நினைக்க வேண்டாம். அவருக்குக் கோபம் வர வர குரல் இறங்கிக்கொண்டே போகும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார் என்றால் நான் கடையின் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். பேட்டரி தூக்கும் வேலைக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வருவார். எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாலும் லோரியிலிருந்து இறங்கியதும் சாமான்களைத் தொட மாட்டார். தனியாகத் திடலைச் சுற்றி வருவார், மூலைக்கு ஒரு தடவை கையைத் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார். "மனுசனுக்கு மண்டை கழண்டுபோச்சு" என்றுதான் முதலில் நினைத்தேன். மலை எந்தப் பக்கத்திலிருந்து சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. அவர் கை தட்டிப் பார்த்து ஹாரன் கட்டச் சொன்ன இடத்தில் ஒருநாளும் சத்தம் குழம்பியதில்லை.

எங்கள் மலையில் மைக் செட்டுக்குப் பெரிய எதிரி பனிமூட்டம். குளிர்ந்து கிடக்கும் மைக்கில் ஈரம் படிந்தால் பாடுகிறவர் குரல் கரகரவென்று தவளைக் குரலாகிவிடும். அதனால் மைக்கைத் துண்டில் சுற்றி, சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு லோரியில் போவேன். ஒயர் இணைப்புகளைப் புல்லில் போட மாட்டோம், கவட்டைக் குச்சி நட்டு அதன்மேல் தூக்கிவிடுவோம். ஹாரனின் வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்துக் கட்டுவோம், மழைத்தண்ணீர் நிற்காமல் வடியட்டும் என்று. இதெல்லாம் முதலாளி சொல்லிக் கொடுத்ததில்லை. நான் தப்பாகச் செய்யும்போது கண்ணாடியைத் துடைத்தார், அவ்வளவுதான்.

இனி சிட்டக்கா. தேயிலைத் தோட்டத்தின் மூணாம் டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். சிட்டம்மா என்பது பெயர், மலை முழுக்க அக்காதான். தோட்டத்துத் திருவிழா என்றால் உறுமிக்காரர் ஒருவரையும் பின்பாட்டுக்கு இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு மேடையேறுவார். பெற்றவர்கள் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பாட்டு பாதி, இந்த மலையிலேயே கட்டிய பாட்டு மீதி. எத்தனை பாட்டுத் தெரியும் என்று அவருக்கே தெரியாது. என்ன பாடப்போகிறார் என்று சொல்ல மாட்டார். கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார், வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வார், பாடுவார். யாராவது எழுந்து "அக்கா, அந்தப் பாட்டு!" என்று கத்தினால் போச்சு. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பாடுவார்.

"கேட்டதப் பாடுறது ரேடியோ வேலை. நான் ரேடியோவா?" என்பார்.

ஆனால் ரசிகர்கள் விடுவார்களா? தோட்டம் தோட்டமாக அவர் பின்னாலேயே வருகிற ஒரு கூட்டம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு, அதுவும் அவர் எப்போதோ ஒருதடவை பாடி மறந்துபோன பாட்டாகத்தான் இருக்கும். மேடைக்குப் பக்கத்தில் இருப்பவன் நான் என்பதால் எல்லாச் சிபாரிசும் என்னிடம் வரும். கம்போங் ராஜாவில் காய்கறி பயிரிடும் மாணிக்கம் அண்ணனுக்குக் கப்பல் பாட்டு வேண்டும். அதற்காக அவர் முட்டைக்கோஸ் கொண்டுவந்து கொடுத்ததில், எங்கள் வீட்டில் கோஸைத் தவிர வேறு எதுவும் வேகாத நாட்கள் உண்டு. ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர் வருவார். கங்காணியைக் கண்டபடி ஏசும் பாட்டு ஒன்று இருக்கிறது, அவருக்கு அதுதான் வேண்டும்! "என்னை ஏசித்தான் கட்டினா தம்பி. அப்ப கோவம் வந்துச்சு. இப்ப அதக் கேட்டாத்தான் நானும் ஒரு ஆளா இருந்தேன்னு தோணுது" என்பார். நான் போய் மெதுவாக, "அக்கா, இன்னைக்குக் கப்பல் பாட்டு பாடினா மைக்குக்கு நல்லா இருக்கும்" என்று ஏதாவது உளறுவேன். "எத்தனை கோஸ் வாங்கின?" என்பார் சிட்டக்கா.

அந்தக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்க முடியாத பாட்டு ஒன்றும் இருந்தது. மேடையில் சிட்டக்காவைக் கேட்டவர்கள், "இது என்னா, அவங்க ஒப்பாரியக் கேட்டிருக்கணும்" என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள். சாவு வீட்டில் அவர் குரலெடுத்தால் கல்லும் கரையுமாம். ஆனால் அங்கே மைக் செட்டுக்கு என்ன வேலை? நான் கேட்டதில்லை. கேட்க ஆசைப்படவும் கூடாது, அது யார் வீட்டிலாவது சாவு விழ ஆசைப்பட்டதுபோல் ஆகிவிடும்.

தேவராஜனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், முப்பது வயதுக்குள்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் சிட்டக்கா பாடுகிற இடத்துக்கெல்லாம் வருவான். கோஸ் கொடுக்க மாட்டான், பாட்டுப் பெயரும் சொல்ல மாட்டான். என் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், முடிந்ததும் போய்விடுவான். "உம்மணாமூஞ்சி ரசிகன்" என்று அவனுக்குப் பெயர் வைத்தேன்.

அவன் கதை ஊருக்கே தெரியும். அவன் அம்மா முனியம்மா, சிட்டக்காவுக்குப் பக்கத்து வீடு, தேயிலைக் காட்டில் கொழுந்தெடுப்பதும் பக்கத்துச் செடி நிரை. "தோட்டத்திலேயே வேலைக்குச் சேருடா" என்று அம்மா சொல்ல, "உன் கூடையோட இந்தப் பொழப்பு போகட்டும்" என்று இவன் எடுத்தெறிந்து பேசிவிட்டுச் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு அடைமழைக் காலத்தில் அம்மா இறந்துபோனார். தந்தி கிடைத்து ஓடிவந்தவன் மலையடிவாரத்துத் தாப்பாவரைக்கும் வந்துவிட்டான், அங்கிருந்து மேலே வரும் ரோட்டில் மலை சரிந்து கிடந்தது. ரோடு திறந்து அவன் வந்து சேர்ந்தபோது மண் போட்டு மூடியாகிவிட்டது. வந்தவன் அழவில்லை. கருமாதியிலும் அழவில்லை. "கல்லு மனசுக்காரன்" என்று லயத்துத் தொழிலாளர் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவன் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே லோரி ஓட்ட ஆரம்பித்தான்.

மூணாம் டிவிஷன் மாரியம்மன் திருவிழாவில், சாயங்கால ஊர்வலத்துக்கு முன்னால் நான் ஒயர் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது முதல்முறையாக அவன் வாயைத் திறந்தான்.

"அண்ணே, எங்கம்மாவுக்குச் சிட்டம்மா அத்தை பாடினாங்களாம்ல. அதக் கேக்கணும்ணே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அறிவிருக்கா உனக்கு? காப்புக் கட்டியிருக்கு, கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு என்னா பேச்சு பேசுற! மலை பூரா இருக்கிற பாட்டுல உனக்கு வேற கிடைக்கலயா?"

அவன் கோபப்படவில்லை. "எனக்குப் பாட்டு வேணாம்ணே. அழுவ வரமாட்டேங்குது. ரெண்டு தீபாவளி போயிருச்சு. ராத்திரி தொண்டைல வந்து நிக்குது, வெளிய வரமாட்டேங்குது. அந்தப் பாட்டுல அவங்க என்னைய ஏசுனாங்களான்னும் தெரியல. கேட்ட ஆளுங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அம்மா கோவத்தோடதான் போச்சான்னு தெரிஞ்சுக்கணும்."

உம்மணாமூஞ்சி என்று கேலி செய்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நேராகச் சிட்டக்காவிடம் போனேன். கொண்டையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"காப்பு அவுக்கிறதுக்குள்ள அந்தச் சொல்ல என் காதுல போடுவியா நீ? இங்கேர்ந்து போடா!"

அன்று அவர் பாடியதில் ஒரு பாட்டுக்கூட ஒட்டவில்லை. நடுவில் ஒரு தடவை அடியை மறந்து நின்றார், நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தேவராஜன் நிற்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை. முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காப்பு அவிழ்த்த பிறகு வந்த லீவு நாளில் சிட்டக்கா பஸ் பிடித்துத் தானா ராத்தா வந்து, எங்கள் கடைக்குள் நுழைந்து, கேட்காமலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முனியம்மா என் பக்கத்து நிரை. அவ புள்ள எனக்கும் புள்ளதான். ஆனா எப்படிப்பா பாடுறது? சாவு இல்லாத வீட்டுல அந்தப் பாட்டப் பாடினா, பாட்டு ஆளைத் தேடும். கோயில்ல முடியாது. லயத்துல முடியாது. அவ குழிக்கிட்ட பாடலாம், அது அவளுக்குச் சேந்தது. ஆனா பொம்பளைங்க பாலத்துக்கு அந்தப்பக்கம் போறதில்லியே!"

மூணாம் டிவிஷன் இடுகாடு ஓடைக்கு அக்கரையில் இருந்தது. ஓடைமேல் சிமெண்டுப் பாலம். பிணம் போகும்போது பெண்கள் பாலத்துக்கு இந்தப்பக்கமே நின்று கடைசியாக அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்.

முதலாளி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நீங்க போகக் கூடாது. பாட்டு போலாமா?"

சிட்டக்கா புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. வெற்றிலையை மென்றுகொண்டே ரொம்ப நேரம் யோசித்தார்.

"போலாம்" என்றார். "நாங்க இந்தப் பக்கம் நின்னு அழுதா அந்தப் பக்கம் கேக்கத்தானே செய்யிது. அழுகைக்கு யாரு தடை போட்டா?"

"பாலத்துல இருந்து குழிக்கு எத்தனை கஜம் வரும்?" என்றார் முதலாளி என்னைப் பார்த்து.

எத்தனையோ இடத்தில் வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 'முடியாது' என்பதற்குக் காரணம் தேடுகிற முதலாளிகள் நிறையப் பேர். என் முதலாளி கஜம் கேட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தது என் அப்பா அம்மா செய்த புண்ணியம்.

கோயில் தலைவரிடம் முதலாளியே போய்ப் பேசினார். "உச்சிப் பொழுதுக்குள்ள முடிச்சிடணும், ஹாரன் லயத்தப் பாக்கக் கூடாது" என்று சொல்லி அவர் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவராஜனையும் கூட்டிக்கொண்டு போனோம், சிட்டக்கா பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்திருந்தார். அங்கே கரண்டு கிடையாது, லோரி பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர்தான். அதைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சாக்கு விரித்து வைத்தோம். ஒயரைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு கட்டி, அக்கரையில் கவட்டைக் குச்சிகளில் தூக்கிக் கொண்டுபோனேன். ஹாரனை மரத்தில் ஏற்றவில்லை. ஒரு முளை அடித்து, உட்கார்ந்திருப்பவன் காது உயரத்தில், முனியம்மாவின் குழியைப் பார்த்துக் கட்டினோம். முதலாளி வழக்கம்போலக் கை தட்டிப் பார்க்க இரண்டு கையையும் தூக்கினார். சுற்றிலும் குழிகளைப் பார்த்தார். தட்டாமலே கையை இறக்கிக்கொண்டார்.

யாருக்கும் சொல்லாமல் வைத்த விஷயம்தான். ஆனால் லோரிக்காரர்கள் இருக்கும் ஊரில் எது நிற்கும்? நாங்கள் வேலை முடித்து நிமிர்ந்தபோது மேல்ரோட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தலைகள். சிட்டக்காவின் ரசிகர் கூட்டம் அப்படியே வந்து நின்றது. வாழ்நாளில் கேட்க முடியாது என்று இருந்த பாட்டாயிற்றே, விடுவார்களா! மாணிக்கம் அண்ணன் கையில் கேசட் ரெக்கார்டர் வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி ஓடையில் எறியத் தோன்றியது.

சிட்டக்கா அவர்களைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "பாட்டுக் கேக்க வந்தவங்க வீட்டுக்குப் போங்க. அழ வந்தவங்க கீழ எறங்கி வாங்க. எனக்குத் தனியா வராது, கட்டிப் புடிக்க ஆளு வேணும்."

சில பேர் நழுவினார்கள். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்து பாலத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மாணிக்கம் அண்ணன் ரெக்கார்டரைக் கொண்டுபோய் லோரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓரமாகக் குந்தினார். அவரை மனதுக்குள் திட்டியதற்கு மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சட்டைக்குள்ளிருந்து மைக்கை எடுத்து முதலாளி கையில் கொடுத்தேன். தேவராஜனைக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். அவன் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நான் ஹாரன் முளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஓடைச் சத்தம் வந்தது. வளையல் சத்தம். சிட்டக்கா தொண்டையைச் செருமினார், ஒரு அடி எடுத்தார், நின்றார். இன்னொரு தடவை எடுத்தார், அதுவும் நின்றது. "வரல. அன்னைக்கு அவ முன்னால கெடந்தா, வந்துச்சு. இப்ப என்னாத்தப் பாத்துப் பாடுறது?" என்றது ஹாரன். தேவராஜன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடவுளே, இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று நினைத்தேன். "என்னைக் கட்டிப் புடிங்கடி" என்றார் சிட்டக்கா. சேலைகள் உரசின. யாரோ ஒருத்தி சின்னதாக விசும்பினாள். அந்த விசும்பலைப் பிடித்துக்கொண்டு குரல் எழும்பியது.

கொழுந்தெடுத்த கையிரண்டும் என் தாயே
கூடைவிட்டு ஓய்ஞ்சதென்ன
பனிமூடும் மலைமேலே என் தாயே
மண்மூடிப் படுத்ததென்ன

திருவிழாவில் நான் கேட்ட குரல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்தது. ஒவ்வொரு அடி முடிவிலும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். தேவராஜன் இன்னும் கல்லாகவே இருந்தான். அம்மாவைப் பாடி, அவர் நிரையைப் பாடி, கூடையைப் பாடி முடித்த பிறகு சிட்டக்கா குரலை மாற்றினார். இப்போது செத்துப்போனவளே மகனிடம் பேசினாள்.

கோவிச்சுப் போனாலும் என் மகனே
குறைசொல்ல வாய்வரல
வட்டில்ல சோறுபோட்டு என் மகனே
வாசல்பார்த்து மூடிவச்சேன்
தாப்பா ரோடு சரிஞ்சதுக்கு என் மகனே
தாயி ஒன்ன ஏசுவேனா

"மூடி வச்சிச்சா?" என்று என்னைக் கேட்டான் தேவராஜன். "தினமும் மூடி வச்சிச்சாண்ணே?"

எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரி பாடுகிறாள், தெரியாமலா பாடுவாள்? "ஆமாண்டா" என்றேன்.

அவன் இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் அது அழுகை என்றே எனக்குத் தெரியவில்லை. மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளையைப் போல அழுதான். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். என் தொழில் எனக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறது, வீடு, பிள்ளைகள் படிப்பு, ஊரில் ஒரு பெயர். ஆனால் அந்த ஹாரன் முளையைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஒரு இடம் கிடைத்ததே, அதற்குத்தான் தினமும் சாமி கும்பிடும்போது நன்றி சொல்கிறேன்.

பாட்டு நின்றது. பெண்கள் மூக்குச் சிந்தும் சத்தம் ஹாரனில் கேட்டது. பிறகு சிட்டக்காவின் குரல், தேய்ந்துபோய், சாதாரணப் பேச்சாக.

"தம்பி, அந்தப் புள்ள அழுதானா?"

நாங்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்க வழியில்லை, மைக் அங்கேதான் இருக்கிறது. கத்திச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜன் எழுந்து நின்றான். முகமெல்லாம் மண். ஓடையைப் பார்த்து முழுக்குரலில் கத்தினான்.

"அழுதுட்டேன் அத்தே!"

"அப்ப சரி" என்றார் சிட்டக்கா. "குளிச்சிட்டு வரச் சொல்லு. யாராச்சும் அந்தப் புள்ளைக்குச் சோறு போடுங்கடி."

"நான் போடுறேன்" என்றது ஒரு குரல். "உன் வீட்டு ரசத்தையா அவன் தலைல கட்டப் போற? எங்க வீட்டுல கோழி இருக்கு" என்றது இன்னொன்று. "பக்கத்து வீடு நானு, எங்க வீட்டுலதான் திங்கணும்" என்று சிட்டக்கா நடுவில் புகுந்தார். பாலத்தடியில் சண்டையே வந்துவிட்டது. முதலாளி மைக்கை அணைக்கவில்லை. தேவராஜன் கண்ணைத் துடைக்காமல் ஹாரனுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தச் சண்டை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.